முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு பூட்டு

நகராட்சி சுகாதார ஆய்வாளர் தில்லைநாயகம் கல்யாண மண்டபங்களுக்குப் பூட்டோடுதான் வருவார். ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, காய்ந்த குப்பைக்கு நீலத் தொட்டி. மாறிக் கிடந்தால் மண்டபத்துக்குச் சீல்.

அன்றைக்கு முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். மரியாதைக்காகக் காலைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர்.

"டம்ளர் தண்ணியெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்றார். மண்டப மேனேஜர் கடைக்கு ஓடி, அவருக்கு மட்டும் ஒரு பாட்டில் வாங்கி வந்தார்.

சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு, பாட்டிலும் கையுமாகப் பச்சைத் தொட்டிக்குப் போனார். இலைகளைப் பிரிக்கச் சொன்னார். ஒரு இலைக்குள் வெள்ளை பிளாஸ்டிக் மூடி இருந்தது.

"இது யார் இலை? இப்பவே சொல்லணும். இல்லேன்னா தாலி கட்டுறதை ரோட்டுல வச்சுக்கங்க."

மடித்துப் போட்ட இலையில் பேரா எழுதியிருக்கும்? பெண்ணின் அப்பா மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

இலை எடுக்கும் பூவாயி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கண்டுபிடிச்சுடலாம் சார். முதல்ல அந்தப் பாட்டிலைக் குடுங்க, நீலத் தொட்டியில போட்டுடறேன்."

கடைசி மடக்கைக் குடித்துவிட்டுக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு மூடி எங்க சார்?"

ஆய்வாளர் குனிந்து, இலையிலிருந்த மூடியைத் தானே எடுத்து நீலத் தொட்டியில் போட்டார். பூட்டு பைக்குள் போனது. பெண்ணின் அப்பா மேடைக்கு ஓடினார். மேடையில் கெட்டிமேளம் கொட்டியது.

வாசலை நோக்கி நடந்தவரைப் பூவாயி கூப்பிட்டாள்.

"தாம்பூலம் வாங்கிட்டுப் போங்க சார். பயப்படாதீங்க, துணிப்பைதான்."