ஆவாரைக்கு ஒரு குடம்

மங்கையர்க்கரசி அம்மையின் மடத்தில் சீடர் ஏகாம்பரம் குருவைவிட வயதில் மூத்தவர். பெருமையடிப்பதிலும் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை.

கரட்டூர்க்காரர்கள் தங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய மடத்தை நடத்த ஒரு துறவியை அழைத்துப் போக வருவதாக இருந்தது. அந்தப் பொறுப்பின்மேல் ஏகாம்பரத்துக்குக் கொள்ளை ஆசை. கரட்டூர் வறண்ட ஊர். தன் திறமையைக் காட்ட, பங்குனிக் கடைசியில் நர்சரியிலிருந்து ஆவாரங்கன்றுகள் வாங்கி வந்து மடத்து வாசலில் நட்டார். "சொட்டுத் தண்ணி இல்லாமத் தோட்டம் போட்டுக் காட்டுறேன்" என்று அவர்களுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கன்றுகள் துவண்டு தலை சாய்ந்தன.

"அம்மா, ஆவாரைக்குமா தண்ணி வேணும்? பொட்டல்ல தானா பூக்குற செடியாச்சே!" என்றார் ஏகாம்பரம்.

அம்மை ஒரு கன்றை மண்ணோடு தோண்டி எடுத்து அவர் கையில் வைத்தார். நர்சரிப் பையை நடும்போதே கிழித்துப் போட்டாயிற்று. வேர்கள் மட்டும் இன்னும் அந்தப் பையின் வடிவத்திலேயே சுருண்டு கிடந்தன. ஒன்றுகூட வெளி மண்ணுக்குள் போயிருக்கவில்லை.

"ஆவாரைதான் ஐயா. ஆனா இது இன்னும் நர்சரியிலதான் இருக்கு."

ஏகாம்பரத்தின் முகம் வாடியது. "நாளைக்கு அவங்க வர்றாங்களே அம்மா. நான் குடமும் கையுமா நின்னா மானம் போயிடும். வேற யாரையாவது கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஆமா, போயிடுவாங்க" என்றார் அம்மை.

மறுநாள் கரட்டூர்க்காரர்கள் வந்தபோது ஏகாம்பரம் குனிந்து நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு கன்றுக்கு ஒரு குடம். மண் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த கன்றுக்குப் போனார்.

"என்ன சாமி, சொட்டுத் தண்ணி வேண்டாம்னு சொல்லிவிட்டீங்க?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"தெரியாமப் பேசிட்டேன். நட்ட முதல் கோடைக்கு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரத்துக்குக் காதுமடல் சிவந்தது. ஆனாலும் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

வாசலில் நின்ற அம்மைக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கும் தாயைப் போல நிமிர்ந்து நின்றார்.

"இவரையே கூட்டிட்டுப் போங்க" என்றார் வந்தவர்களிடம்.

ஏகாம்பரம் திகைத்துப் போனார். "அம்மா, கன்னுகளுக்கு யார் ஊத்துறது?"

"நான் ஊத்துறேன். உங்களுக்கு ஊத்துறதைத்தான் இன்னியோட நிறுத்திட்டேன்."