நாச்சம்மாள் சொன்ன பள்ளத்தாக்கு

“பள்ளத்தாக்கு வருதுங்க டீச்சர். அவ சொன்னதுதான் வர மாட்டேங்குது” என்றார் ஆறுக்குட்டி.

பிலோமினா தன் கேன்வாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரு?”

“என் சம்சாரம்.”

ஆறு மலையைப் பிளந்துகொண்டு ஓடுகிற இடம் அது. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. விளிம்பு நெடுகக் காட்டிலாகாவின் வேலி. அதைத் தாண்டி ஆடு மாடு போகக் கூடாது, மனிதரும் போகக் கூடாது. பிலோமினா அந்த வேலியோரம் ஸ்டாண்டை நிறுத்தி, எண்ணெய் வண்ணத்தில் இந்தப் பள்ளத்தாக்கை மட்டுமே வருஷக்கணக்காக வரைந்துவருகிறவர்.

ஆறுக்குட்டிக்கு அவரைவிட வயது அதிகம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு ஒருநாள் வந்து, “எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க” என்று நின்றார். ஏன் என்று பிலோமினா கேட்கவில்லை. பிரஷை எடுத்துக் கையில் கொடுத்தார்.

இன்றைக்குத்தான் ஆறுக்குட்டி வாய் திறந்தார்.

“இந்த ரோட்டுலதான் காலமெல்லாம் ஓட்டினேன். ஒருக்கா எனக்கு முன்னால போன பஸ் உருண்டு பள்ளத்துக்குள்ள போயிருச்சு. ஓட்டினவன் என் கூட்டாளி. அன்னையிலிருந்து வளைவு வந்தாலே எனக்குக் கை நடுங்கும். வேலையை விட்டுடறேன்னேன். நாச்சம்மா விடல.”

“என்ன செஞ்சாங்க?”

“கீழ பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்கு. என் பஸ்ஸுலயே ஏறுவா. முன்சீட்டுல உட்கார்ந்துட்டு, ‘ஏனுங்க, நீங்க ரோட்டைப் பாருங்க, பள்ளத்தை நான் பார்த்துச் சொல்றேன்’ம்பா. ‘ஆத்துத் தண்ணி இன்னைக்கு மோராட்டம் வெளுத்திருக்குங்க. பாறையெல்லாம் மஞ்சள் அரைச்சு அப்பின மாதிரி இருக்குங்க. அக்கரையில மான் படுத்திருக்குங்க.’ இப்படிச் சொல்லிட்டே வருவா. கேட்கக் கேட்க நடுக்கம் நின்னுரும்.”

“நீங்க திரும்பிப் பார்த்ததே இல்லையா?”

“ஒருநாளும் இல்லீங்க. அவ போனதுக்கப்புறம்தான் வந்து பார்த்தேன். பாறை வெறும் சாம்பல். தண்ணி கறுப்பு. அவ சொன்ன நிறம் ஒண்ணுகூட இங்க இல்லீங்க.”

ஆறுக்குட்டி வண்ணக் கத்தியை எடுத்து, தன் காயாத படத்தைச் சுரண்டிப் போட்டார்.

பிலோமினா தன் பிரஷைத் துணியில் துடைத்தார்.

“அவங்க உட்கார்ந்த சீட்டுல உட்கார்ந்து பாருங்க. அதுவரைக்கும் வரைய வேண்டாம்.”

மறுநாள் காலை ஆறுக்குட்டி பஸ் ஏறினார். அவரோடு வேலை பார்த்த பழைய கண்டக்டர் ரஹ்மத்துல்லாதான் வண்டியில் இருந்தார். ஆறுக்குட்டியைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆறுக்குட்டி முன்னால், பள்ளத்துப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“டிக்கெட் வேண்டாம், சும்மா வாங்கண்ணே. எங்க போறீங்க?”

“எங்கயும் இல்லப்பா. நாச்சம்மா உட்கார்ந்த இடத்துல ஒருக்கா உட்காரணும்னு தோணுச்சு.”

ரஹ்மத்துல்லாவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

“அக்கா இந்தப் பக்கம் உட்கார மாட்டாங்களே அண்ணே.”

“என்னப்பா சொல்றே?”

“போறப்பவும் சரி, வர்றப்பவும் சரி, பார்த்து மலைப் பக்கம்தான் உட்காருவாங்க. வளைவு வந்தா கண்ணை இறுக்கி மூடிக்குவாங்க. கம்பியைப் பிடிச்ச கை வேர்த்து வழியும். பேச்சு மட்டும் நிக்காது. ‘அவருகிட்டச் சொல்லிராதே தம்பி’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க.”

ஆறுக்குட்டி எழுந்தார். மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

ஜன்னலுக்கு வெளியே வெட்டின மலை. ஈரம் கசியும் கல். கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல அத்தனை பக்கத்தில். அடுத்த வளைவிலும் அதே கல். மலை இறங்கி முடிகிறவரை வேறொன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது பிலோமினா வேலியோரம் வரைந்துகொண்டிருந்தார்.

“பார்த்தீங்களா?”

“அவ பார்க்கவே இல்லீங்க டீச்சர்.”

கண்டக்டர் சொன்னதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துபோயிற்று.

“என்னைவிடப் பயந்தவளா இருந்திருக்கா. எனக்குச் சொல்றதுக்கு அவ இருந்தா. அவளுக்கு யாருங்க இருந்தாங்க? உனக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை நான் கேட்கலீங்களே.”

பிலோமினா பிரஷைக் கீழே வைத்தார். தன் முக்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தான் தரையில் உட்கார்ந்தார்.

பள்ளத்துக்குள் ஒரு பருந்து அவர்களுக்குக் கீழே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“இனி எதை வரையறதுங்க?” என்றார் ஆறுக்குட்டி. “அவ சொன்ன பள்ளத்தை யாருமே பார்த்ததில்லை.”

“யாருமேவா?”

“அவளே பார்க்கலீங்களே.”

“அப்போ உங்க கை நடுக்கம் எதைப் பார்த்து நின்னுச்சு?”

ஆறுக்குட்டி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

பிறகு எழுந்தார். புது கேன்வாஸைத் தன் ஸ்டாண்டில் வைத்தார். ஸ்டாண்டைத் தூக்கித் திருப்பி வைத்தார். பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணைக்கூடத் துடைக்காமல், மஞ்சளைத் தொட்டு வரைய ஆரம்பித்தார்.