மணியில் வைத்த விரல்

“மேடம், என் புரதம் கெட்டுப்போச்சு. கொட்டிடட்டுமா?”

தெய்வநாயகம் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றார். பல வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, ஆசைப்பட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ரெஹானாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதில் அவருக்கு வருத்தமில்லை. யாரிடமும் உதவி கேட்கத்தான் கூச்சம்.

“என்ன ஆச்சு சார்?”

“செல்லுக்குள்ள இது ஒரு சுவிட்ச். ஜிடிபிங்கிற (GTP) மூலக்கூறு வந்து ஒட்டினா ஆன். ‘வளரு, பெருகு’ன்னு செல்லுக்குச் சொல்லும். ஒட்டினதுல ஒரு பாஸ்பேட் துண்டை அதுவே வெட்டிட்டா ஆஃப். அப்படித்தானே மேடம்?”

“அப்படித்தான்.”

“என் குழாய்ல ஆன் ஆனது ஆனபடியே உட்கார்ந்திருக்கு. உடம்புல இப்படி நின்னா புற்றுநோய்தான்!”

“கூட என்ன சேர்த்தீங்க?”

“எதுவுமே இல்ல. தனியா, சுத்தமா வச்சிருக்கேன்.” சொல்லும்போதே ஒரு பெருமை. உடனே முகம் வாடியது. “மறுபடி முதல்லேருந்து செய்யத் தெம்பில்ல மேடம். கல்லூரிக்கே திரும்பிடலாம்னு பாக்கிறேன்.”

ரெஹானா கையை நீட்டினார். மேஜையில் இருந்த அழைப்பு மணியை அழுத்தினார்.

அழுத்திய விரலை எடுக்கவில்லை.

உதவியாளர் பாக்கியம் ஓடி வந்தார். “டீயா மேடம்?”

ரெஹானா தலையாட்டினார். டீ வந்தது. மணி நிற்கவில்லை. பாக்கியம் இன்னொரு டீ கொண்டுவந்தார். பிறகு இன்னொன்று. என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த பக்கத்து அறைப் பேராசிரியர் கையிலும் ஒரு டீயைத் திணித்தார். மேஜை நிறைந்து, டீ ஜன்னல் விளிம்புக்குப் போனது.

ரெஹானா மரத்தில் இருந்த அணிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் காதைப் பொத்தினார். “மேடம், போதும் மேடம்!” என்று கெஞ்சினார். கடைசியில் மரியாதையெல்லாம் பறந்தது. ரெஹானாவின் கையைப் பிடித்து இழுத்தே விட்டார்.

மணி நின்றது. பாக்கியம் அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தார்.

“ஐயோ, மன்னிச்சிடுங்க! நீங்களே எடுத்துடுவீங்கன்னு பார்த்தேன்...” என்றார் தெய்வநாயகம்.

“எடுத்திருப்பேன் சார். சாயங்காலத்துக்குள்ள.”

தெய்வநாயகம் மணியைப் பார்த்தார். ஐஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு பெட்டியைச் சந்தோஷமாக வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். 

“மேடம், அப்போ இது கெட்டுப்போகல, தானா ஆஃப் ஆக நேரமாகும், அவ்வளவுதான்! இதைப் பிடிச்சு இழுத்துச் சீக்கிரம் ஆஃப் பண்ற புரதம் நம்ம ஃப்ரீசர்ல இருக்கா?”

“இருக்கு. எடுத்துத் தரேன்” என்றார் ரெஹானா. “முதல்ல இந்த டீயையெல்லாம் குடிங்க.”