காலில் விழாத சினம்

துண்டறிக்கை அச்சடிக்கும் அறவாழியிடம் தமிழாசிரியர் திருமேனி மூச்சிரைக்க வந்து நின்றார். அறவாழி குரு, திருமேனி சீடர். சீடருக்கு இரண்டு வயது கூட.

"தோழர், இன்னைக்கு எங்க பள்ளிக்கூட மேடையில மானம் போச்சு."

"யாரோட மானம்?"

"என்னோடதுதான். மனித மனத்தைப் பத்தி நான் எழுதின கவிதை நாடகம். மனம்தான் மன்னன். பொறாமை, பேராசை, சினம் மூணும் கடைசியில அவன் காலில் விழணும். பொறாமை விழுந்துச்சு. பேராசை விழுந்துச்சு. சினம் நின்னுக்கிட்டே இருந்துச்சு."

"பாட்டை மறந்துட்டானா?"

"இல்ல. 'நான் விழமாட்டேன்'னு சொன்னான். சபையே உறைஞ்சு போச்சு."

"மன்னன் யாரு?"

"தாளாளர் மகன். வருஷா வருஷம் அந்த வீட்டுப் பிள்ளைதான். கிரீடம் அங்கேயிருந்துதானே வருது."

"சினம்?"

"இசக்கி. கணீர்னு குரல், அதனால போட்டேன். அவன் அப்பா தாளாளரோட ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறார்."

"போன வாரம் தாளாளர் கையால செருப்படி வாங்கினாரே, அவரா?"

திருமேனி தலையசைத்தார். "அது வேற, தோழர். இது நாடகம். நாளைக்குக் காலையில பிரேயர்ல எல்லார் முன்னாலயும் இசக்கி அந்தப் பாட்டைச் சொல்லி விழணுமாம். இல்லேன்னா டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்லிட்டார் தாளாளர். பையன் படிப்பே போயிடும். நீங்க சொன்னா கேப்பான்."

"என்ன பாட்டு?"

திருமேனி சொன்னார்:

"மன்னவா உன்னடியில் மண்டியிட்டுச் சாய்கின்றேன்
இன்னுமோர் முறையேனும் எழமாட்டேன் பொறுத்தருள்வாய்."

அறவாழி நாற்காலியில் சாய்ந்து இரண்டு கால்களையும் நீட்டினார்.

"விழுங்க."

திருமேனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் காலிலும் யாரும் விழக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசிக் கல்லடி பட்டவர் அறவாழி. தம் மகள் திருமணத்தில் மணமக்களைக்கூட விழவிடாதவர்.

"தோழர், நீங்களா இப்படி?"

"நாடகம்தானே. பாட்டைச் சொல்லி விழுங்க."

"மன்னவா..." என்று தொடங்கினார் திருமேனி. முழங்கால் மடங்கவில்லை.

"என்னால முடியல."

"ஏன்?"

"இத்தனை வருஷம் உங்ககிட்ட என்னத்தக் கத்துக்கிட்டேன்?"

அறவாழி கால்களை மடக்கிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு ரெண்டு டி.சி. எழுதச் சொல்லுங்க, வாத்தியாரே."