கூரை மாறிய மூத்த பிள்ளை

முன்னொரு காலத்தில், மழை பொய்த்துப்போன ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டு வந்தார். பஞ்சம் முற்றியதும், பிள்ளைகளாவது பிழைக்கட்டும் என்று களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். ஆனால் தாம் தலைமகனாகப் பிறந்ததில் அவருக்குப் பெருமை அதிகம். அதனால் வீட்டின் மூத்த பிள்ளைக்குத் தினம் ஒரு படி அரிசி, மற்றப் பிள்ளைகளுக்கு அரைப்படி என்று ஆணையிட்டார்.

காத்தாயி கணவனைப் போரில் பறிகொடுத்தவள். அவளுக்கு ஒரே மகன். சடையன் மனைவியை இழந்தவன். அவனுக்கு ஒரே மகள். பையனைவிடச் சற்றுப் பெரியவள். இரண்டு வீட்டிலும் பிள்ளையின் படியில்தான் பெரியவர் பிழைப்பும் ஓடியது. ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாம் என்று இருவரும் கல்யாணம் செய்துகொண்டு, காத்தாயியின் குடிசையில் குடியேறினார்கள்.

மறுநாளே களஞ்சிய அதிகாரி பரமானந்தர் பையனின் படியைப் பாதியாக்கினார். "ஒரு கூரைக்கு ஒரு மூத்த பிள்ளைதான். உன் மகன் இனி இளையவன்" என்றார்.

கூரை வேறாகட்டும் என்று சடையன் மகளோடு கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்தான். தாலி கட்டியவன் எங்கே படுத்தாலும் ஒரே குடும்பம்தான் என்று அதற்கும் தீர்ப்பு வந்தது. ஒரு விடியற்காலையில் அவன் மகளின் கையைப் பிடித்தபடி குடிசை வாசலில் வந்து நின்றான்.

"நாங்க இந்த நாட்டுலயே இல்லன்னா உன் மவன் மூத்தவன்தானே, காத்தாயி. அவனாவது வயிறாரத் திங்கட்டும்."

அவனைத் தடுக்க அவளுக்குத் தெம்பில்லை. ஏரிக்கரைக்கு அப்பால் இரண்டு தலைகளும் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அரசவை விகடகவி உத்தண்டியின் வீட்டுக்கு நடந்தாள்.

உத்தண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"ஒரு தடவை ராசாகிட்டச் சொல்லிப் பார்த்தேன் தாயி. நான் சட்டத்தைக் கேலி பண்றேன்னு பரமானந்தர் அவரு காதுல ஓதிவிட்டாரு. இனிமே அரிசியைப் பத்திப் பேசினா என் நாக்கை அறுக்கணும்னு ஆணை."

சொன்னவன் சட்டென்று எழுந்தான். "பேசத்தான் கூடாது. பரிமாறக் கூடாதுன்னு சொல்லலையே. நீயும் கூட வா."

அன்று அரண்மனையில் விருந்து. அரசருக்கு இரண்டு அரசிகள். பட்டத்தரசியின் தலைமகனும் இளைய அரசியின் தலைமகனும் அரசரின் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். உத்தண்டி பட்டத்தரசியின் மகனுக்கு முழு இலை போட்டு எல்லாம் வைத்தான். மற்றவனுக்குப் பாதி இலை, பாதி வடை, பாதி அப்பளம், பாதி லட்டு. இளைய அரசிக்குக் கண் கலங்கியது.

"உத்தண்டி, இவளுடைய மூத்த மகனுக்கு ஏன் பாதி?" என்று அரசர் சீறினார்.

உத்தண்டி தன் நாக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, மறு கையால் காத்தாயியைக் காட்டினான்.

அவள் முன்னால் வந்து கும்பிட்டாள். "மகாராசா, ஒரு கூரைக்கு ஒரு மூத்த பிள்ளைதான்னு அதிகாரி சொன்னாக. எம்மவன் மூத்தவனாத்தான் பொறந்தான். நான் கண்ணாலம் கட்டினதும் இளையவனாயிட்டான். இந்த அரண்மனையும் ஒரு கூரைதானுங்களே."

அரசர் பாதி லட்டைப் பார்த்தார். தலை கவிழ்ந்து நின்ற பரமானந்தரைப் பார்த்தார். நாக்கைப் பிடித்தபடி நின்ற உத்தண்டியைப் பார்த்ததும் வெடித்துச் சிரித்தார். சபையும் சிரித்தது. காத்தாயிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"பிறப்பில் மூத்தது எந்தக் கூரைக்குப் போனாலும் மூத்ததே. இன்றுமுதல் இதுவே சட்டம். நாக்கை விடும், உத்தண்டி. என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு குதிரையும் ஒரு வீரனும், மகாராஜா. எல்லையைத் தாண்டுமுன் ஒருவனைத் திருப்பி அழைத்து வர வேண்டும்."

"இவ்வளவுதானா?" என்று மறுபடியும் சிரித்து, அரசர் அப்போதே கொடுத்தனுப்பினார்.

கோட்டை வாசலிலேயே காத்தாயி உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கையில் குதிரை திரும்பியது. வீரனுக்கு முன்னால் சிறுமி மட்டும் இருந்தாள்.

"அரசர் சிரித்துச் சட்டத்தை மாற்றியதைச் சொன்னேன் அம்மா. 'ராசா சிரிச்சா மழை பேஞ்சிருமா? ரெண்டு படியை நாலு பேரு திங்கிறதுக்கு மூணு பேரு திங்கட்டும்'னு பொண்ணை ஏத்திவிட்டுட்டு நடந்துட்டாரு."

காத்தாயி சிறுமியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் போட்டிருந்தது.

பாதி லட்டை நினைத்து நினைத்து அரசர் நெடுநாள் சிரித்தாராம். சடையன் எந்த ஊரில் போய்ச் சேர்ந்தான் என்று மட்டும் யாரும் சொல்லக் கேட்டதில்லை.