பிலோமிக்குத் தெரியாத விஷயம்

செண்பகம் டீச்சருக்கு முப்பத்திரெண்டு வயசு. அவங்ககிட்ட படிக்க வந்த ஆரோக்கியசாமிக்கு அம்பத்தொம்பது. கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு நாடகமாச்சும் சொந்தமா எழுதிடணும்னு அவருக்கு ஆசை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நோட்டைத் தூக்கிக்கிட்டு நூலகத்து மாடிக்கு வந்துடுவாரு.

கவிதையில உவமை, உருவகம் எல்லாம் ஒரே மாசத்துல முடிச்சுட்டாரு. கதைக்கு வந்தப்பதான் தகராறு. எழுத்தாளர் வேற, கதைசொல்லி வேறன்னு டீச்சர் சொன்னதுக்கு மூணு வாரம் சண்டை போட்டாரு.

"நான் எழுதுறேன், நான்தான் சொல்றேன். நடுவுல எவன் டீச்சர் அவன்?"

அன்னைக்குப் பாடம் நாடகம்.

"நாடக முரண்னா என்ன டீச்சர்?"

"மேடையில நிக்கிற ஆளுக்குத் தெரியாத விஷயம், கீழ உக்காந்து பாக்குற நமக்குத் தெரியும்ணே. ராஜாவுக்குக் குடுக்கிற பாலுல விஷம் இருக்கு. அவரு வாங்கிக் குடிச்சுட்டு, 'இன்னைக்குப் பால் தனி ருசி'ங்கிறாரு. நாம உக்காந்த இடத்துலயே 'ஐயோ'ங்கிறோம்."

ஆரோக்கியசாமி எழுதல. பேனாவை மூடி வச்சாரு.

"அந்த ஆளுகிட்ட சொல்லிடலாமா டீச்சர்?"

"ராஜாகிட்டயா?"

"ராஜாவை விடுங்க. எங்க வீட்டுலயே இந்த நாடகம் ஓடுது. மூணு மாசமா."

பிலோமி அவரு சம்சாரம். வயித்துவலின்னு ஸ்கேன் எடுக்கப் போனாங்க. டாக்டர், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னு அனுப்பிட்டு, இவருகிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. ஆபரேஷன் பண்ற கட்டமெல்லாம் தாண்டிடுச்சு. ஈஸ்டர் வரைக்கும் இருந்தாலே பெருசு. இவரு வெளிய வந்து அல்சருன்னு சொல்லிட்டாரு. மகனையும் மருமகளையும் அதையே சொல்லச் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரி பைலை பீரோ மேல இருக்கிற தகரப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சுட்டாரு.

"தினம் மாத்திரையைக் குடுத்துட்டு சிரிக்கிறேன் டீச்சர். அவளும் சிரிக்கிறா. சொன்னா உடைஞ்சு போயிடுவா. சொல்லாம விட்டா, கட்டுனவளைக் கடைசி வரைக்கும் ஏமாத்துனவன் ஆயிடுவேன். நாடகம் எழுதுறவன் இந்த இடத்துல என்ன பண்ணுவான்?"

டீச்சர் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"அண்ணி இப்ப எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, ஒண்ணும் தெரியாம நிம்மதியா இருக்கா. என்னையத்தான் படுத்தி எடுக்குறா."

"அப்படி என்ன பண்றாங்க?"

"ரசம் வைக்கக் கத்துக்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. முப்பத்தஞ்சு வருசம் அடுப்படிக்குள்ள என்னைய விட்டவ இல்ல. இப்ப ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிட்டு, புளி இவ்வளவு, பெருங்காயம் அந்த டப்பாவுலன்னு உத்தரவு போடுறா. நேத்து உப்பு கூடிப்போச்சு. 'கண்டக்டரய்யா, இந்த ரசத்துக்கு எவனும் டிக்கெட் எடுக்க மாட்டான்'ங்கிறா."

டீச்சர் சிரிச்சாங்க. "அப்புறம்?"

"தங்கச்சியோட ஒம்பது வருசமா பேச்சுவார்த்தை இல்ல. போன வாரம் இவளே போன் போட்டா. ரெண்டு மணி நேரம் பேசுனா. பட்டுச்சேலை எல்லாத்தையும் எடுத்து மருமக கையில குடுத்துட்டா. ஏன்டின்னு கேட்டா, கட்டுனா கனக்குதுங்கிறா."

சொல்லிக்கிட்டே வந்தவரு குரல் கடைசியில கொஞ்சம் இறங்கிடுச்சு.

டீச்சர் அவரு நோட்டைத் தன் பக்கம் திருப்பி, நடுவுல ஒரு கோடு இழுத்தாங்க. கோட்டுக்கு மேல 'மேடை'ன்னு எழுதினாங்க. கீழ 'பாக்குறவங்க'ன்னு எழுதினாங்க. நோட்டைத் திரும்ப அவருகிட்ட தள்ளுனாங்க.

"யாரு எங்கன்னு நீங்களே எழுதுங்கண்ணே."

"இதுல என்ன இருக்கு?" மேல 'பிலோமி'ன்னு எழுதுனாரு. கீழ 'நான்'னு எழுதப் போனாரு. பேனா தாள்ல பட்டு, அப்படியே நின்னுடுச்சு.



"பைலு வச்ச இடத்துலயேதான் இருக்கு டீச்சர்."

"பீரோ மேல யாருண்ணே தூசி தட்டுவா?"

"அவதான்"னாரு. மேல இருந்த 'பிலோமி'யை மெதுவா அடிச்சாரு. கீழ கொண்டு வந்து எழுதுனாரு. அப்புறம் மேல, தனியா, 'நான்'னு எழுதுனாரு.

"மூணு மாசமா நான் நடிச்சதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா."

"நடுவுல எந்திரிச்சுப் போகாம பாத்திருக்காங்கண்ணே."

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டாரு. டீச்சர் எந்திரிச்சுப் போய் ஜன்னல் பக்கம் நின்னாங்க. அவரு முகத்தைத் துடைச்சு முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பல.

"இப்ப வீட்டுக்குப் போய் என்ன வசனம் பேசுறது டீச்சர்?"

"வசனமே இல்லாத இடமும் நாடகத்துல வரும்ணே. அந்த இடத்துல அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி மட்டும் எழுதுவாங்க. அதுக்குப் பேரு மேடைக் குறிப்பு."

"என்னன்னு எழுதணும்?"

"'அவள் பக்கத்தில் போய் உட்காருகிறான்.' அவ்வளவுதாண்ணே."