மணலில் மூன்று விரல்

இருதயராஜ் ஐம்பத்தெட்டு வயதில் சீடரானவர். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. பெயர் கனகவல்லி. கொளத்தூரில் மொட்டைமாடியில் சிமெண்டுத் தொட்டிகள் வைத்து, மீன்தொட்டிக்கான செடிகளை வளர்த்து விற்பவர். முதலில் கேலியாகத்தான் "குருவம்மா" என்று கூப்பிட்டார் இருதயராஜ். மூன்று மாதத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அவர் கற்க வந்ததற்குக் காரணம் வீட்டில் இருந்தது. மனைவி ஃபிலோமினா வைத்த மீன்தொட்டி. ஃபிலோமினா இறந்து ஏழு மாதமாகிறது. அதன்பின் தொட்டியில் எந்தச் செடியை நட்டாலும் ஒரு வாரத்துக்குள் வேரோடு மேலே மிதந்தது.

கனகவல்லி சொல்லித் தந்ததில் குறை இல்லை. வேரை மட்டும் புதைக்க வேண்டும், தண்டின் கழுத்து வெளியே இருக்க வேண்டும். டியூபால் மணலின் அழுக்கை உறிஞ்சும்போது ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். நட்ட செடியைத் தொடவே கூடாது. எல்லாவற்றையும் சீடர் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

ஒரு ஞாயிறு மதியம் குருவை வீட்டுக்கே அழைத்தார்.

தொட்டி பளிச்சென்று இருந்தது. மணல் கழுவிய அரிசி மாதிரி வெள்ளை. நான்கு செடிகள் வேரைக் காட்டிக்கொண்டு மிதந்தன. இடது மூலை மட்டும் கறுத்துக் கிடந்தது. அங்கே நாடா இலைச் செடி ஒன்று நீர்மட்டம்வரை அடர்ந்திருந்தது. அதன் முன்னால் ஆறு ஏஞ்சல் மீன்களும் அசையாமல், தலையைத் தாழ்த்தி, ஒரே இடத்தைப் பார்த்தபடி நின்றன.

அந்த இடத்தில் மணலில் மூன்று குழிகள். ஃபிலோமினா கடைசியாக இந்தச் செடியை நட்டபோது பதிந்த விரல்கள் என்றார் இருதயராஜ். மோட்டார் ஓடும் தண்ணீரில் அவை மறுநாளே மூடியிருக்க வேண்டும். ஏழு மாதமாக மூடவில்லை. கனகவல்லி தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

இருதயராஜ் குரலைத் தாழ்த்திப் பேசினார், தொட்டிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. இருபது வருடமாக இந்த அழுக்குக்காக மனைவியைத் திட்டியிருக்கிறார். வீடு நாறுகிறது, கையைக் கழுவாமல் அடுப்படிக்குப் போகாதே என்று. மனைவி போன பிறகு தானே சுத்தம் செய்யத் தொடங்கினார். வாரம் தவறாமல், தொட்டி முழுக்க, அடிக் கண்ணாடி தெரியும்வரை. அந்த மூலையைத் தவிர.

"அவதான் பிடுங்கறா, குருவம்மா. நான் நடறது அவளுக்குப் பிடிக்கல. என்மேல இன்னும் கோபமா இருக்காளா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"செடிக்கு அடியிலயும் டியூப் விடுவீங்களா?"

"செடியை வெளிய எடுத்து வெச்சிட்டு, அடியில சுத்தம் பண்ணிட்டு, திரும்ப நட்டுடுவேன். வேர் விட்டிருக்கான்னும் பார்த்துக்குவேன்."

கனகவல்லி அவரையே, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அந்த மூன்று குழிகளிலும் விரலை விடச் சொன்னார்.

இருதயராஜ் மாட்டேன் என்றார். தன் தடித்த விரல் பட்டால் குழி இடிந்துவிடும், அவள் அடையாளம் என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று கெஞ்சினார். குரு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கை தண்ணீருக்குள் போனது. மீன்கள் விலகவில்லை. விரல்கள் கறுத்த மணலுக்குள் இறங்கின. மேலே வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் கீழே போகப் போகக் குளிர்ந்தது. இரண்டாம் கணு புதைந்ததும் அவர் கை சட்டென்று நின்றது.

"பிடிக்குது. விரலைச் சுத்திப் பிடிச்சிருக்கு."

"வேரா இருக்கும்."

"விடமாட்டேங்குது." ஆறு மீன்களும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தன. "நான் என்ன பண்ணட்டும், குருவம்மா?"

"இழுங்க சார், விட்டுடும். மத்ததையெல்லாம் நீங்கதானே இழுத்தீங்க."

இருதயராஜ் இழுக்கவில்லை.